ஒட்டுப்போர்வை

நுழையும்முன்

தையற்கடையின் தரையில் மாலைநேரத்தில் குவிந்து கிடக்கும் வெட்டுத்துணிகளை நாம் பார்த்திருக்கிறோம். துடைப்பம் அவற்றைப் பெருக்கித் தள்ளுகிறது. அவற்றையே கூட்டிச் சேர்த்துத் தைத்துக் குளிருக்குப் போர்த்தியவர்கள் நம் வீடுகளிலும் உலகின் பல மூலைகளிலும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களின் கைவேலையையும், அதில் அடங்கியிருக்கும் கணக்கையும், அது நம் மொழியில் விட்டுச்சென்ற தடத்தையும் கூறுகிறது இப்பாடம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்தது அங்குள்ள பாறைக்குன்று. குன்றின்மேல் பழமையான சிவன்கோயில். குகைப்பாறையில் தொல்மாந்தர் கீறிய உருவங்கள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட காலத்துக் கோட்டையின் சிதைவுகள். இவ்வளவும் ஒரே குன்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. மேலே நின்று கீழே பார்த்தால் நெல்வயல், மணிலாக்கொல்லை, சவுக்குத்தோப்பு, ஏரி என நிலம் துண்டு துண்டாகத் தெரியும். கிழக்கே மரக்காணத்தை அடைந்துவிட்டால் வண்ணங்கள் மறைந்து, வரப்புகள் மட்டும் எஞ்சும். உப்பளத்தின் பாத்திகள் சதுரம் சதுரமாக வானத்தை வாங்கி வைத்திருக்கும்.

அந்த உப்பளத்தில் வேலைசெய்தவர் என் ஆயா. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பாத்திகளில் வெள்ளம் நிற்கும், உப்பு விளையாது, கூலியும் கிடைக்காது. தை பிறக்கும் வரையிலான அந்த மாதங்களில்தான் அவர் ஊசியைக் கையில் எடுப்பார். ஊர்த் தையற்காரரிடம் கேட்டுப்பெற்ற வெட்டுத்துணி ஒரு மூட்டை, வீட்டில் கிழிந்த உடுப்புகள் ஒரு மூட்டை. கால்நீட்டி உட்கார்ந்து, மடியில் துணியைப் பரப்பி, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே தைப்பார். உப்புநீரில் ஆண்டுக்கணக்காக நின்ற பாதங்களின் வெடிப்பில் துணியின் பிசிறு மாட்டிக்கொள்ளும். அதைச் சிரித்தபடியே பிரித்தெடுப்பார்.

அந்தப் போர்வையில் தாத்தாவின் வேட்டிக்கரை இருந்தது. என் அப்பாவின் காக்கி அரைக்கால்சட்டையும் அத்தையின் பாவாடையும் துண்டுகளாக இருந்தன. ஓரத்தில் மஞ்சள் பூப்போட்ட சிறு துண்டு ஒன்று. எனக்குமுன் பிறந்து மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோன பெண்குழந்தையின் சட்டை அது. “பேரு தெரியாத துணி ஒண்ணுகூட இதுல இல்ல கண்ணு” என்பார் ஆயா. தையற்கடையிலிருந்து வந்த துண்டுகளுக்கும் அவரிடம் பெயர் உண்டு. இது வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை, இது தபால்காரர் சட்டை என்று சொல்லிக்கொண்டே போவார். ஒரு தெருவே அதில் படுத்திருந்தது.

சொல்லில் இருக்கும் வெட்டு

ஆடையைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களைச் சற்று உற்றுப் பாருங்கள். ‘துணி’ என்பதற்கு வெட்டு என்றும் பொருளுண்டு. துணித்தல், துணிபடுதல் ஆகியவை அதன் உறவுச்சொற்கள். ‘துண்டு’ வெளிப்படையாகவே வெட்டப்பட்டது. சங்கநூல்கள் ஆடையை ‘அறுவை’ என்கின்றன; அறுத்து எடுக்கப்பட்டது அறுவை. திருமணத்தில் தரும் ‘கூறை’ கூறு என்பதோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கியது. தறியில் நீளமாக ஓடிவரும் நெசவை அறுத்தெடுத்த பிறகே அது உடுப்பாகிறது. ஆகவே ஒட்டுப்போர்வை தைப்பவர் வெட்டுண்டதை மீண்டும் வெட்டி, பின்னர் அதை வெட்டுக்கு முன்பிருந்த முழுமைக்குக் கொண்டுபோகிறார்.

தைத்தலுக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. நெருக்கமாகத் தைப்பது ‘துன்னுதல்’, தையற்காரர் ‘துன்னகாரர்’. இரண்டு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இணைப்பதற்குப் ‘பொல்லம் பொத்துதல்’ என்று பெயர். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில் யாழின் தோல்போர்வை இவ்வாறு இணைத்துத் தைக்கப்பட்டதாக வருகிறது. அதே பாட்டில், யாழை ஏந்திவந்த பொருநனின் உடை எப்படியிருந்தது? வியர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியேறி, வேறுவேறு நூல் நுழைந்து தைத்த கந்தலாக இருந்தது. கரிகாலன் அதை நீக்கி, பாம்பின் சட்டைபோல் மென்மையான அறுவையை உடுத்தச் செய்கிறான். ஒரே பாட்டில் தையல் இருமுறை வருகிறது. கருவியில் அது கலை, உடலில் அது வறுமை.

நம் பகுதியோடு தொடர்புடையது சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் பாடிய அதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். அந்த மன்னனும் பாணனுக்கு மூங்கிலின் உள்தோலை உரித்தாற்போன்ற மெல்லிய அறுவையைத் தருகிறான். கந்தலைக் களைந்து புத்தாடை தருவது கொடையின் முதற்செயலாக இருந்திருக்கிறது. களைந்த கந்தல் என்னவாயிற்று என்று புலவர்கள் பாடவில்லை. பாணனின் மனைவி அதை எடுத்துவைத்திருப்பாள் என்றே நான் நினைக்கிறேன்.

துணித்துண்டு எப்போதும் வறுமையின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழாக் காட்சியில் துன்னகாரரோடு, துணியாலும் நெட்டியாலும் கைவினைப்பொருள் செய்வோரும் புகாரின் தெருவில் வாழ்கிறார்கள். இன்றும் கோயில்களிலும் தேர்களிலும் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் கவனியுங்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமான துணிகளை யாளி, தாமரை, கிளி என வெட்டி அடித்துணியின்மேல் வைத்துத் தைத்தவை அவை. இதை ஒட்டுத்தையல் என்பர். விளிம்போடு விளிம்பு இணைப்பது ஒரு முறை, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துத் தைப்பது மற்றொரு முறை. போர்வை தைப்போர் இரண்டையும் கையாள்வர்.

தெரிந்து தெளிவோம்

‘கந்தை’ என்னும் சொல்லோடு தொடர்புடையது வடமொழியின் ‘கந்தா’. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு இன்றும் ‘காந்தா’ என்றே பெயர். மராட்டியத்தில் ‘கோதடி’, பீகாரில் ‘சுஜனி’, கன்னடத்தில் ‘கௌதி’, சிந்து, ராஜஸ்தான் பகுதிகளில் ‘ரல்லி’ என வழங்குகின்றன. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடல் இத்தகைய போர்வையின் பெயரையே தலைப்பாகக் கொண்டது.

கால் அங்குலத்தின் கணக்கு

ஒட்டுப்போர்வையைப் பொறுமையின் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அதைத் தைத்தவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். அது கணக்கின் வேலையும்கூட.

60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ள போர்வை ஒன்றை 6 அங்குலச் சதுரங்களால் அமைப்பதாகக் கொள்வோம். அகலத்தில் 10, நீளத்தில் 14. ஆக 140 சதுரங்கள் வேண்டும். ஆனால் துணியை 6 அங்குலமாக வெட்டினால் போதாது. ஒவ்வொரு விளிம்பிலும் தையலுக்கென்று கால் அங்குலம் விடவேண்டும். ஆகவே ஆறரை அங்குலமாக வெட்டவேண்டும். இந்தக் கால் அங்குலம் தவறினால் என்ன நேரும்? தைக்கும் கை சற்று உள்ளே சரிந்து, இரு துண்டிலும் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், ஓர் இணைப்பில் கால் அங்குலம் போகும். பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் ஒன்பது இணைப்புகள். எனவே வரிசை இரண்டேகால் அங்குலம் சுருங்கும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் பொருந்தா. போர்வையின் ஓரம் கோணிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆறரை அங்குலச் சதுரங்கள் 140க்கு ஆகும் துணி 5,915 சதுர அங்குலம். தைத்தபின் கிடைக்கும் போர்வை 5,040 சதுர அங்குலம். அதாவது போர்வையின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு துணி மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. சதுரத்தை 3 அங்குலமாகக் குறைத்தால் 560 துண்டுகள் வேண்டும். மூன்றரை அங்குலமாக வெட்டிய அவற்றுக்கு 6,860 சதுர அங்குலத் துணி ஆகும். மறைவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். துண்டு சிறுக்கச் சிறுக்க, கண்ணுக்குத் தெரியாமல் போகும் துணியும் உழைப்பும் பெருகுகின்றன. சிறு துண்டுகளால் ஆன போர்வை கனமாக இருப்பதன் காரணம் இதுவே.

துணியின் குணமும் அறிந்திருக்கவேண்டும். புதிய பருத்தித்துணி முதல் சலவையில் சுருங்கும். பழையது சுருங்கி முடித்திருக்கும். இரண்டையும் அப்படியே இணைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை முகம் சுளிக்கும். ஆகவே எல்லாவற்றையும் முன்னதாக நனைத்து உலர்த்துவர். சாயம் போகுமா என்று அறிய, ஈரத்துணியை வெள்ளைத்துணியின்மேல் வைத்துத் தேய்த்துப் பார்ப்பர். பாவும் ஊடையும் நேராக இருக்குமாறு வெட்டிய துண்டு இழுத்தாலும் நிலைக்கும். கிராசாக வெட்டியது நெகிழும். பனியன் துணி எல்லாப் பக்கமும் இழுபடுவதால் சேலைத்துண்டோடு ஒட்டாது. திருப்பூரில் மலைபோல் சேரும் பனியன் கழிவுகள் நிறம்வாரியாகப் பிரிக்கப்பட்டு எடைக்கு விற்கப்படுகின்றன. ஒரு பகுதி மீண்டும் பஞ்சாக்கப்பட்டு நூலாகிறது, ஒரு பகுதி பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போகிறது. போர்வையாகும் பேறு அவற்றுக்கு அரிது.

மேல்துணி தயாரானதும் அதன்கீழ்ப் பழஞ்சேலைகளை மடித்து அடுக்கி, அடியில் ஒரு முழுத்துணியை விரித்து, மூன்றையும் ஊடுருவி ஓட்டுத்தையல் போடவேண்டும். இந்தத் தையலை அழகுக்காக இட்டதாகப் பலர் எண்ணுவர். அதன் முதல்வேலை உள்ளடுக்கு நகராமல் பிடித்துவைப்பது. தையலுக்கும் தையலுக்கும் இடையே அடைபட்ட காற்றே வெப்பத்தைக் காக்கிறது.

மூலையில் பூ

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு ஆகிய வட்டாரங்களின் காட்டோரச் சிற்றூர்களில் சித்தி இனமக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அவர்களின் முன்னோரில் பலர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் போர்வை ‘கவந்தி’ எனப்படும்.

கவந்தியின் முறை நாம் மேலே கண்ட சதுரக் கணக்கிலிருந்து வேறுபட்டது. ஒரு பழஞ்சேலையை அடித்துணியாக விரித்து, அதன் ஒரு மூலையில் தொடங்குகிறார்கள். கிடைத்த துண்டைக் கிடைத்த அளவிலேயே விளிம்பு மடித்து வைத்து, ஓரம் வழியாகத் தைத்துக்கொண்டே சுற்றி வருகிறார்கள். சுற்று சுருங்கிச் சுருங்கி நடுவில் வந்து முடிகிறது. இணைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. முன்கூட்டி வரைந்த வடிவம் எதுவும் இல்லை. அடுத்த துண்டு எந்த நிறம் என்பதைக் கண் முடிவு செய்கிறது. நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துணியால் சிறு பூ வைக்கிறார்கள். பூ இல்லாத கவந்தி உடையில்லாத உடல்போன்றது என்பது அவர்களின் எண்ணம். பயன்பாட்டுக்கு அந்தப் பூ தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றைச் செய்ய நேரம் ஒதுக்கும்போதுதான் கந்தல் கலையாகிறது.

புத்தத் துறவிகளின் சீவரமும் இங்கு நினைக்கத்தக்கது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பிரிந்து ஒழுங்காக இருப்பதைக் கண்ட புத்தர், அதேபோல் துண்டுகளை இணைத்து ஆடை அமைக்குமாறு ஆனந்தரிடம் கூறினார் என்பது பௌத்த விநய நூல் தரும் செய்தி. வெட்டித் தைத்த துணிக்கு விலைமதிப்பு குறைவு என்பதால் கள்வர் கவர்வதில்லை என்ற பயனும் அதில் இருந்தது. பெருமுக்கல் குன்றின்மேல் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வரும்.

இறந்தவரின் சட்டை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் ஒரு மூலையில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாயிருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் அங்கு வாழ்கின்றனர். பலகைச்சுவர்களின் இடுக்கில் காற்று புகும் குளிர்வீடுகளுக்காக அவ்வூர்ப் பெண்கள் வேலையுடுப்புகளையும் மாவுச்சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்தனர். கணவரை இழந்த மிசௌரி பெட்வே என்பவர், அவர் வயலில் உடுத்திய உடைகளைப் பிரித்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். மகள் அர்லோன்சியா அருகிருந்து உதவினார். முழங்கால் தேய்ந்த இடமும், பை பிரித்தெடுத்த இடத்தில் மங்காத நீலமும் அந்தப் போர்வையில் அப்படியே தெரிகின்றன.

1966இல் அப்பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் அதில் இருந்தனர். 2002இல் கீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றின் படங்களோடு பத்து அஞ்சல்தலைகளை வெளியிட்டது. புகழ் வந்தது. பயன் யாருக்குச் சேர்ந்தது என்ற கேள்வியும் உடன் வந்தது. 2007இல் தையற்பெண்கள் சிலர் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று நீதிமன்றம் சென்றனர். மறு ஆண்டு வழக்கு முடிவுக்கு வந்தது. கலை என்று பெயர் சூட்டப்பட்டவுடன் உழைப்புக்கு விலை கிடைத்துவிடும் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

மிசௌரி பெட்வேயைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஆயா இறந்தார். அவர் படுத்திருந்த பாயையும் தலையணையையும் அந்த ஒட்டுப்போர்வையையும் சுருட்டி எடுத்துப்போய் ஏரிக்கரையில் போட்டார்கள். இறந்தவர் பயன்படுத்தியவற்றை வீட்டில் வைப்பதில்லை என்பது வழக்கம்; யாரையும் குறைசொல்ல முடியாது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது மழை பெய்திருந்தது. தாத்தாவின் வேட்டிக்கரையை அடையாளம் கண்டேன். மஞ்சள் பூத்துணியைத் தேடினேன். தொட அச்சமாக இருந்தது. தொடாமல் வந்துவிட்டேன்.

கடற்கரையின் பொம்மை

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்து வந்தது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான மீனவக் குப்பங்களும் அதற்குத் தப்பவில்லை. உயிரும் படகும் வலையும் போயின. பின்வந்த மாதங்களில், கரையையே பார்க்க அஞ்சி வீட்டுக்குள் முடங்கிய பெண்களுக்கு உணவையும் பணத்தையும்விட, கைகளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

ஆரோவில்லில் ‘உபாசனா’ என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, அங்குத் தையற்கூடங்களில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைக் கொண்டு ஒரு சிறு பொம்மையை உருவாக்கினார். அதற்குச் ‘சுனாமிகா’ என்று பெயர். சுண்டுவிரல் அளவே இருக்கும். துணியைச் சுருட்டிய உடல், நூலால் முடி, புள்ளியாய்க் கண்கள். குப்பத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கானோர் பயிற்சி பெற்று இதைச் செய்தனர். செய்தவர்க்குக் கூலி உண்டு. ஆனால் பொம்மைக்கு விலை இல்லை. கேட்டவர்க்கு அது அன்பளிப்பாகத் தரப்பட்டது. பெற்றவர் விரும்பினால் நன்கொடை தரலாம். அந்த நன்கொடையிலிருந்தே கூலி வந்தது. இலட்சக்கணக்கான சுனாமிகாக்கள் பல நாடுகளுக்குச் சென்றன.

விலையில்லாப் பொருளால் ஓர் அமைப்பு எத்தனை காலம் நிற்கும் என்று நீங்கள் ஐயுறலாம், நானும் ஐயுற்றேன். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். போர்வை தைக்கப் பல மாதங்கள் வேண்டும். பொம்மைக்குச் சில நிமிடங்கள் போதும். துயரத்தில் இருப்பவரால் பல மாதங்கள் நீளும் வேலையைத் தொடங்க முடியாது. ஒரு துண்டை எடுத்து, சுருட்டி, கட்டி, கண் வைத்து, முடித்துவிட்டேன் என்று கீழே வைக்க முடியும். பிறகு அடுத்த துண்டை எடுக்கலாம்.

ஆயா விட்டுப்போன ஊசிப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. மூடியில் துருப்பிடித்த ஒரு பழைய தகரப்பெட்டி. உள்ளே இரண்டு ஊசிகளும், வெள்ளைநூல் சுற்றிய அட்டை ஒன்றும், ஆறரை அங்குலத்துக்கு வெட்டிய பழைய நாட்காட்டி அட்டையும் உள்ளன. அவர் பள்ளிக்கூடம் சென்றதில்லை. அந்த அட்டையின் நான்கு ஓரங்களிலும் கால் அங்குலம் உள்ளே தள்ளிப் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார்.

கற்பவை கற்றபின்…

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழந்துணியால் போர்வை, விரிப்பு, பை தைக்கும் ஒருவரைச் சந்தித்து உரையாடுக. அவர் பயன்படுத்தும் தையற்சொற்களைத் தொகுத்து, அவற்றில் அகராதியில் இல்லாதவை எவை எனக் கண்டறிக.

72 அங்குல நீளமும் 48 அங்குல அகலமும் கொண்ட போர்வைக்கு 4 அங்குலச் சதுரங்கள் எத்தனை தேவைப்படும்? மடிப்பில் மறையும் துணியின் பரப்பைக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

உங்கள் குடும்பத்தின் பழைய உடுப்புகளில் ஐந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் உரியவரையும் அது உடுத்தப்பட்ட நாளையும் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.